குழந்தையின் குடலைக் காந்தம் கண்ட கதை

‘வயிறு வலிக்கிறது’ என்று குழந்தை சொல்லாத வீடு இல்லை. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் சொன்னால், பாடத்துக்கு அஞ்சிய சாக்கு என்கிறோம். இலைமுன் அமர்ந்து சொன்னால், வெறும் அடம் என்கிறோம். ஊரில் பாட்டிமார் இருந்தால், குடலேற்றம் என்று கூறி, விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை இதமாக நீவி விடுவார்கள். பெரும்பாலும் வலியும் தானே நீங்கிவிடும். பிழைப்பை நாடித் தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர் என்று குடிபெயர்ந்து வாழும் நம் இல்லங்களில் அந்தப் பாட்டியின் கை அருகில் இல்லை. ஆயினும் குழந்தையின் சொல்லும், அதை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்ற நம் தயக்கமும் மாறவில்லை.

சில குழந்தைகளுக்கு அந்த வலி நீங்குவதில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டுக் காய்ச்சல், சோறு கண்டால் வெறுப்பு என்று தொடர்கிறது. உடன் பிறந்தோர் வளர்கையில் அக்குழந்தை மட்டும் வளர்வதில்லை. சென்ற ஆண்டு தைத்த பள்ளிச் சீருடை இவ்வாண்டும் அளவாகவே இருக்கிறது. இத்தகைய குழந்தைகளுள் சிலருடைய குடலில் நாட்பட்ட அழற்சி குடிகொண்டிருக்கும். அவ்வகை நோய்களுள் முதன்மையானது குரோன் நோய். நாட்பட்ட குடல் அழற்சி உடையவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினருக்கு, இருபது வயது நிறையுமுன்னரே நோய் வெளிப்பட்டுவிடுகிறது. வந்த நோய் முற்றிலும் அகன்றுவிடுவதும் இல்லை. தணிவதும் மீண்டும் மூள்வதுமாக வாழ்நாள் முழுவதும் உடன் வருகிறது. ஆகவே அக்குழந்தையின் குடலை மருத்துவர் ஒருமுறை பார்த்தால் போதாது. பல முறை, பல்லாண்டுகள் பார்க்க வேண்டும்.

அந்தப் பார்வையே குழந்தைக்கு ஊறு செய்யலாகாது என்பதை மருத்துவ உலகம் எவ்வாறு உணர்ந்தது, உணர்ந்தபின் என்ன வழி கண்டது என்பதே நாம் இங்குக் கூறப் புகும் வரலாறு. வானொலியின் வாயிலாக இதைக் கூறுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. முடிவில் கைகொடுத்தது வானொலி அலையே.

குடலைக் காண்பது ஏன் அரிது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். வளர்ந்த மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம் உடையது. சுருண்டு மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது, ஓயாமல் நெளிவது. வாய்வழியே செலுத்தும் உள்நோக்கிக் குழாய் அதன் தொடக்கத்தை மட்டும் காட்டும். ஆசனவாய்வழியே செலுத்தும் குழாய் பெருங்குடலைக் கடந்து சிறுகுடலின் கடைப்பகுதியை எட்டிப் பார்க்கும். இடைப்பட்ட நெடுந்தொலைவு அவற்றுக்கு எட்டாது. எட்டிய இடத்திலும் அவை காண்பது குடலின் உட்படலத்தையே. குரோன் நோயோ உட்படலத்தோடு நிற்பதில்லை. சுவரின் முழுக் கனத்தையும் துளைத்து, அப்பாலும் பரவக்கூடியது.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே அமெரிக்காவில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் இளம் மாணவர் வால்டர் கேனன் அக்கதிரை உணவுப் பாதையின்மேல் திருப்பினார். எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டுமேயன்றி, மெல்லிய குடலை வேறுபடுத்திக் காட்டாது. ஆகையால் கேனன் பிஸ்மத் என்னும் உலோகத்தின் உப்பை உணவில் கலந்து வாத்துக்கும் பூனைக்கும் ஊட்டினார். உப்பு கதிரைத் தடுக்க, உணவு செல்லும் வழி நிழலாய்த் தெரிந்தது. உயிருள்ள வயிறு இயங்குவதை மனிதன் அவ்வாறுதான் கண்டான். பூனை கலங்கினாலோ சினந்தாலோ இரைப்பையின் அசைவு நின்றுவிடுவதையும் கேனன் குறித்துவைத்தார். குழந்தையின் மனக்கலக்கம் அதன் வயிற்றில் தெரியும் என்று தாய்மார் கூறுவதற்கு அது ஒரு சான்று போலும்.

பிஸ்மத் உப்பால் சிலருக்கு நச்சு விளைவுகள் நேரவே, 1910ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானியர் பேரியம் சல்பேட்டைக் கொணர்ந்தனர். சுண்ணாம்புக் குழம்பு போன்ற அந்தப் பேரியத்தைக் குடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் முறை, பின்னர் முக்கால் நூற்றாண்டு காலம் குடல் நோயறிதலின் முதுகெலும்பாக விளங்கியது.

இனி நோயின் கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல், குடற்சுவர் தடித்து இறுகும் ஒரு நோயை 1913ஆம் ஆண்டில் விவரித்து எழுதினார். அது காசநோய் போன்று தோன்றினும் காசநோய்க் கிருமி காணப்படவில்லை என்றார். அவர் எழுத்து பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போயிற்று. 1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சார்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெரும்பாலும் இளம் வயதினரைத் தாக்கும் நோய் என்று அதில் குறித்தனர். ஆங்கில அகரவரிசைப்படி குரோனின் பெயர் முதலில் நின்றமையால் நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு இந்நோய்க்காக அறுவை நடந்தபோது, உலகச் செய்தித்தாள்கள் அனைத்தும் அதன் பெயரை அச்சிட்டன.

1934ஆம் ஆண்டில் கேன்டர் என்னும் மருத்துவர் பேரியப் படத்தில் ஓர் அடையாளத்தைச் சுட்டினார். நோயுற்ற இடத்தில் குடலின் உள்வழி சுருங்கி, பேரியம் ஒரு நூலிழையாகத் தெரியும். ‘நூல் அடையாளம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். நோய் உண்டு என்பதை நூல் சொல்லிற்று. சுவர் எவ்வளவு தடித்தது, அதற்கப்பால் சீழ் கட்டியிருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை. ஆற்றில் ஓடும் நீரின் அகலத்தைக் கொண்டு கரையின் உறுதியை ஊகிப்பது போன்ற நிலைதான் அது.

இதற்கிடையில் பார்வைக்கு ஒரு விலை உண்டு என்பது மெல்ல மெல்லத் தெரியலாயிற்று. குடலின் இயக்கத்தை முதலில் கண்ட கேனனே, இளமையில் தம்மீது பட்ட கதிரின் தீங்கினால் பிற்காலத்தில் தோல் நோயுற்றுத் துன்புற்றார். அது காணும் மருத்துவர் கொடுத்த விலை. காணப்படும் குழந்தை கொடுக்கும் விலையை முதலில் கணக்கிட்டவர் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஆய்வு நடத்திய ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் அம்மையார்.

பிரிட்டனில் குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் மிகுவது ஏன் என்று அறிய விரும்பிய அவர், புற்றுநோயால் குழந்தையை இழந்த தாய்மாரிடம் வினாக்களை அனுப்பினார். நலமாய் உள்ள குழந்தைகளின் தாய்மாரிடமும் அதே வினாக்களை விடுத்தார். மருத்துவர்க்குத் தெரியாத ஏதோ ஒன்று தாய்க்கு நினைவிருக்கக்கூடும் என்பது அவர் நம்பிக்கை. 1956ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் வெளிவந்த அவர் கட்டுரைகள் கூறிய முடிவு இது: கருவுற்றிருந்தபோது வயிற்றில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. மருத்துவ உலகம் அதை உடனே ஏற்கவில்லை. சிறு அளவுக் கதிர் தீங்கற்றது என்ற கருத்து வேரூன்றியிருந்தது. தாய்மாரின் நினைவு நம்பத்தக்கதன்று என்றும் வாதிட்டனர். ஆண்டுகள் பல கடந்தபின், பிறர் ஆய்வுகளும் அதையே கூறவே, கருவுற்ற பெண்ணுக்குக் கதிர்ப்படம் எடுக்கும் வழக்கம் அருகிற்று. தாயின் சொல்லைச் செவிமடுத்த ஒருவரால் வந்த நன்மை அது.

1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், இலண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியில் ஹவுன்ஸ்ஃபீல்ட் வடிவமைத்த சி.டி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. உடலை வாழைத்தண்டு போலச் சீவிச் சீவிக் காட்டிய அக்கருவியால் மருத்துவம் பெற்ற நன்மைக்கு அளவில்லை. பின்னாளில் அது வயிற்றையும் காட்டிற்று. குடற்சுவரின் தடிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் வயிற்றின் சி.டி. படம் ஒன்றுக்குச் செலவாகும் கதிர், நெஞ்சின் எளிய எக்ஸ் கதிர்ப் படத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. குழந்தையின் உயிரணுக்கள் விரைந்து பெருகுபவை. கதிரால் மிகுதியும் தாக்கப்படுபவை. அன்றியும் தீங்கு விளைந்து வெளிப்படுவதற்கு வேண்டிய ஆண்டுகள் அதற்கு முன்னே நிறைய உண்டு. எழுபது வயதினர் பொருட்படுத்த வேண்டாத கணக்கை ஏழு வயதுக் குழந்தைக்குப் போட்டே தீர வேண்டும்.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பிரென்னரும் உடன் ஆய்ந்தோரும் குழந்தைகளுக்கு எடுக்கும் சி.டி. படங்களின் புற்றுநோய் அபாயத்தை மதிப்பிட்டு எழுதியபோது பெரும் பரபரப்பு எழுந்தது. 2008ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆய்வாளர்கள் 409 குரோன் நோயாளிகளின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தனர். அவர்களுள் நூற்றுக்கு 15.5 பேர் படங்களால் மட்டுமே பெற்ற கதிர் 75 மில்லி சீவர்ட்டைத் தாண்டியிருந்தது. இயற்கையிலிருந்து ஒரு மனிதன் முப்பது ஆண்டுகளில் பெறும் கதிருக்கும் மேற்பட்ட அளவு அது. அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சி.டி. படங்களால் வந்தது. இளமையிலேயே நோயுற்றவர்களே மிகுந்த கதிருக்கு ஆளாகும் நிலையில் இருந்தனர்.

2012ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து வந்த பெரும் ஆய்வு ஒன்று, சிறுவயதில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களிடம் இரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் சற்று மிகுந்திருப்பதைக் காட்டிற்று. அஞ்சி நடுங்க வேண்டிய அளவன்று. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எடுக்கும் 10,000 தலைப் படங்களுக்கு, அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஓர் இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் நேரலாம் என்பதே அவர்கள் மதிப்பீடு. குடல் வெடித்துத் துடிக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பார்த்துச் சி.டி. படத்தை மறுப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால் ஆயுள் முழுவதும் மீண்டும் மீண்டும் படம் எடுக்க வேண்டிய நோய்க்கு வேறு வழி தேடுவது கடமையாகும்.

அந்த வேறு வழி மருத்துவரின் அறையில் பிறக்கவில்லை. பௌதிக அறிஞரின் கூடத்தில் பிறந்தது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபீலிக்ஸ் பிளாக்கும், ஹார்வர்டில் எட்வர்ட் பர்செலும், ஒருவரையொருவர் சாராமல் ஒரே உண்மையைக் கண்டு வெளியிட்டனர். பிளாக் நீரைக் கொண்டும், பர்செல் மெழுகைக் கொண்டும் ஆய்ந்தார். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சிறு பம்பரத்தை ஒத்தது. அது காந்தத் தன்மையும் உடையது. வலிய காந்தத்தின் நடுவே வைத்தால், தலை சாய்ந்த பம்பரம் போல் அது ஒரு குறித்த வேகத்தில் தள்ளாடிச் சுழலும். அதே வேகத்தில் அதிரும் வானொலி அலையை அதன்மீது செலுத்தினால் அது அலையின் ஆற்றலை ஏற்கும். அலையை நிறுத்தினால் ஏற்ற ஆற்றலை மெல்லிய வானொலிக் குறிப்பாகத் திருப்பித் தரும். இருவருக்கும் 1952ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிட்டிற்று.

வீட்டில் நாம் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி ஒரு நிலையத்தைப் பிடிப்பதும் இத்தகைய ஒத்ததிர்வே. இன்று மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜன் கரு பேசும் அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். நம் சிற்றலை வரிசைக்கும் பண்பலை வரிசைக்கும் இடைப்பட்டது. அக்காந்தத்தின் வலிமையோ பூமியின் காந்தத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து நிழலைப் பெறுகிறது. இந்த முறையிலோ உடலில் உள்ள நீரிடம் ஒரு வினாவை அனுப்பி, அது தரும் விடையைக் கேட்கிறோம். உயிரணுவின் அணுக்கட்டைச் சிதைக்கும் ஆற்றல் வானொலி அலைக்கு இல்லை.

இந்த அறிவியலில் நம் நாட்டுக்கும் தொடக்கத்திலேயே ஒரு பங்கு உண்டு என்பதைப் பெருமையோடு குறிப்பிடுகிறோம். 1951ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் என்பவர், குழாயில் ஓடும் திரவம் தரும் குறிப்பு, நின்ற திரவம் தரும் குறிப்பினின்றும் வேறுபடுவதை ஆய்ந்து வெளியிட்டார். ஏற்கெனவே வினாவைக் கேட்டுச் சோர்ந்த அணுக்கருக்கள் நகர்ந்து செல்ல, புதியவை அவ்விடத்துக்கு வந்து விடை தருகின்றன. ஓடும் திரவத்தில் இவ்வொத்ததிர்வை ஆய்ந்த முதல் முயற்சியாக உலகம் இன்றும் அதைச் சுட்டுகிறது. பின்னால் குடலுக்கு வரும்போது இதை நினைவுகூர்வோம்.

குறிப்பைக் கேட்டால் மட்டும் படம் ஆகாது; அது எவ்விடத்திலிருந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும். 1971ஆம் ஆண்டில் ரேமண்ட் டமாடியன் புற்றுநோய்த் தசையின் குறிப்பு நல்ல தசையின் குறிப்பினின்றும் வேறுபடுவதை எலியின் தசையில் காட்டினார். 1973ஆம் ஆண்டில் பால் லாட்டர்பர் காந்தத்தின் வலிமையை இடத்துக்கு இடம் சிறிது மாற்றினால் ஒவ்வோர் இடமும் தனக்குரிய அதிர்வெண்ணில் பேசும் என்று கண்டார். அவர் முதலில் படம் பிடித்தவை இரு சிறு கண்ணாடிக் குழாய்களில் இருந்த நீரே. 1977ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் டமாடியனின் குழுவினர் ஒரு மனிதனின் நெஞ்சைப் படமாக்கினர். ஒரே படத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவான பொழுது சென்றது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் உழைத்துவந்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, புத்தகம் கட்டும் தொழிலில் உதவியாளராகச் சேர்ந்து, மாலை வகுப்புகளில் பயின்று பேராசிரியராக உயர்ந்தவர் அவர். 1978ஆம் ஆண்டில், முழு உடலும் புகத்தக்க தம் கருவியினுள் அவரே முதலில் நின்றார். விரைந்து மாறும் காந்தப் புலம் இதயத்தின் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இருந்தது. அபாயத்தைப் பிறர்மேல் சுமத்தாமல் தம்மேல் ஏற்றுக்கொண்டார். அன்று வெளிவந்தது அவருடைய வயிற்றின் குறுக்குவெட்டுப் படம். 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில், மல்லார்டின் குழுவினர் ஒரு நோயாளிக்குச் சிகிச்சைக்குப் பயன்படும் படத்தை எடுத்தனர். லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். டமாடியன் விடுபட்டது குறித்து எழுந்த பூசல் நெடுநாள் அடங்கவில்லை.

முதலில் இம்முறைக்கு ‘அணுக்கரு’ என்ற சொல் சேர்ந்த பெயரே வழங்கிற்று. அணுகுண்டின் நினைவு நீங்காத மக்கள் அச்சொல்லைக் கேட்டு அஞ்சுவர் என்று அதை நீக்கி, எம்.ஆர்.ஐ. என்று வழங்கலாயினர். 1980களில் தில்லியிலும் அக்கருவி வந்து சேர்ந்தது.

மூளையும் முதுகுத்தண்டும் அசையாதவை, எம்.ஆர்.ஐ. அவற்றைத் தெளிவாகக் காட்டிற்று. குடலோ மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவது, தானாகவும் நெளிவது. பல நிமிடம் நீளும் படத்தில் அது மங்கிய மேகமாகவே தெரிந்தது. ஆகவே குடலைக் காண விரைவு வேண்டியிருந்தது. மான்ஸ்ஃபீல்ட் 1977ஆம் ஆண்டிலேயே கண்ணிமைக்கும் பொழுதில் ஒரு படம் எடுக்கும் முறையை வகுத்திருந்தார். 1983ஆம் ஆண்டில் அவர் குழுவினர் குழந்தை மருத்துவத்தில் அதைப் பயன்படுத்தி லான்செட் இதழில் எழுதினர். 1986ஆம் ஆண்டில் ஜெர்மானியர் ஹென்னிக் மற்றொரு விரைவு முறையை வெளியிட்டார். இத்தகைய முறைகளின் வழித்தோன்றல்களால் 1990களில், ஒருமுறை மூச்சை அடக்கும் நேரத்துக்குள் வயிற்றைப் படமெடுத்து முடிக்க இயன்றது.

மற்றொரு தடை எஞ்சிற்று. வெறுங்குடல் ஒட்டிக் கிடக்கும். ஒட்டிய சுவர் தடித்த சுவர் போலவே தோன்றும். எனவே குடலை நீரால் நிரப்ப வேண்டும். வெறும் நீரைக் கொடுத்தால், சிறுகுடலின் கடைசியை எட்டுமுன் உடல் அதை உறிஞ்சிவிடும். மூக்கின் வழியே சிறுகுடல்வரை குழாய் செலுத்தி நீர்மம் பாய்ச்சுவது ஒரு முறை. படம் நன்றாக வரும். ஆனால் குழந்தை அலறும். அதை ஒருமுறை பொறுத்த குழந்தை மறுமுறை மருத்துவமனை வாயிலில் கால் வைக்காது. 2003ஆம் ஆண்டில் ரோமாபுரியின் லாகி என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், குரோன் நோயுற்ற குழந்தைகளுக்குக் குழாய் இன்றி, உடல் உறிஞ்சாத பாலி எதிலீன் கிளைக்கால் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, சிறுகுடலின் கடைப்பகுதியைத் தெளிவாகப் படம்பிடித்துக் காட்டினர். குழந்தைகளின் குடல் எம்.ஆர்.ஐ. பரவுவதற்கு அத்தகைய முயற்சிகள் வழி திறந்தன.

இன்று அப்பரிசோதனை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். குழந்தை சில மணி நேரம் உண்ணாமல் வர வேண்டும். பின் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சுவை இனியதன்று, தாயின் பொறுமையும் கதையும் அங்கே தேவை. குடலின் நெளிவைச் சற்று நேரம் அடக்க ஊசி மருந்து கொடுப்பதுண்டு. பிறகு குகை போன்ற கருவிக்குள் படுத்து, முரசடிப்பது போன்ற ஓசைக்கிடையே, சொல்லும்போதெல்லாம் பதினைந்து இருபது நொடி மூச்சை அடக்க வேண்டும். ஆறேழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் முன்னதாகப் பழக்கினால் மயக்க மருந்து இல்லாமலே இதைச் செய்துவிடுகிறார்கள். மிகச் சிறிய குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுக்க நேரும். அதற்கும் ஓர் அபாயம் உண்டு ஆதலால், மருத்துவர் அதை எண்ணியே முடிவு செய்வர்.

படத்தில் காண்பது என்ன? நலமான குடற்சுவர் மூன்று மில்லி மீட்டருக்கு உட்பட்டது, நோயுற்றது தடித்திருக்கும். நீர் கோத்த சுவர் பளிச்சென்று ஒளிரும். சுவரின் புண்ணும், குடலினின்று வேறோர் உறுப்புக்குத் துளைத்துச் செல்லும் புரையும், சீழ்க்கட்டியும் தெரியும். நோயுற்ற குடலுக்கு இரத்தம் கொணரும் நாளங்கள் விரிந்து, சீப்பின் பற்களைப் போல் வரிசையாக நிற்கும். உள்ளே ஓடும் திரவம் சில படங்களில் கரிய நிழல்களை விழச் செய்து கண்ணை ஏமாற்றும். சூர்யன் பெங்களூரில் ஆய்ந்த ஓட்டத்தின் விளைவுக்கு இதுவும் உறவே. ஓசையும் மயக்கமும் தாங்கிப் பெறும் இப்படத்தை உட்படலத்தை மட்டும் காட்டும் குழாயோடு சேர்த்துப் பார்த்தால், நோயின் முழு உருவம் கிடைக்கிறது.

பார்த்ததை எண்ணால் கூறினாலன்றிச் சென்ற ஆண்டையும் இவ்வாண்டையும் ஒப்பிட இயலாது. 2009ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் ரிமோலா என்பவரின் குழுவினர் சுவரின் தடிப்பு, நீர்க்கோப்பு, புண் முதலியவற்றுக்கு மதிப்பெண் வகுத்தனர். அது வளர்ந்தவர்களை ஆய்ந்து வகுத்தது. குழந்தைகளுக்கென்று தனி அளவுகோல் வேண்டும் என்று பல நாட்டு மருத்துவமனைகள் ஒன்றுகூடி 240 குழந்தைகளை ஆய்ந்தன. 2022ஆம் ஆண்டில் அவ்வளவுகோல் வெளிவந்தது. ஐரோப்பியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2005ஆம் ஆண்டில் போர்த்தோ நகரின் பெயரால் வகுத்த நெறியில் சிறுகுடலுக்குப் பேரியப் படத்தைக் கூறியிருந்தது. 2014ஆம் ஆண்டில் அதைத் திருத்தி, எம்.ஆர்.ஐ. படமே மேலானது என்றது.

இம்முறைக்கும் விலை இல்லாமல் இல்லை. படம் துலங்குவதற்காக இரத்தத்தில் ஏற்றும் கடோலினியம் என்னும் உலோக மருந்து 1988ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. சிறுநீரகம் பழுதுற்ற சிலருக்கு அது தோலையும் உறுப்புகளையும் இறுகச் செய்யும் நோயைத் தருவது 2006ஆம் ஆண்டில் தெரியவந்தது. மீண்டும் மீண்டும் ஏற்றப்பட்டவர்களின் மூளையில் அதன் சுவடு தங்குவதை 2014ஆம் ஆண்டில் ஜப்பானியர் கண்டனர். அச்சுவடு நோய் விளைத்ததாக நிறுவப்படவில்லை. ஆயினும் ஐரோப்பாவில் 2017ஆம் ஆண்டில் அவ்வகை மருந்துகள் சிலவற்றுக்குத் தடை விதித்தனர். மேற்கூறிய குழந்தைகளுக்கான அளவுகோல் கடோலினியத்தையே வேண்டாத வகையில் அமைந்தது தற்செயலன்று. எக்ஸ் கதிர் அறுபது ஆண்டுகளில் கற்பித்த பாடத்தை இம்முறை மருத்துவ உலகம் விரைந்தே கற்றுக்கொண்டது.

நம் நாட்டில் இக்கதைக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. குடலைத் தாக்கும் காசநோய் இங்குப் பரவலாக உள்ளது. அதுவும் சிறுகுடலின் கடைப்பகுதியையே பெரிதும் நாடுகிறது. அதுவும் சுவரைத் தடிக்கச் செய்து வழியைச் சுருக்குகிறது. டால்சியல் 1913ஆம் ஆண்டில் எதிர்கொண்ட ஐயத்தை நம் மருத்துவர் இன்றும் எதிர்கொள்கின்றனர். குரோன் நோயைக் காசநோய் என்று கருதினால் மாதங்கள் வீணாகும். குழந்தையின் வளர்ச்சி கைநழுவும். காசநோயைக் குரோன் நோய் என்று கருதி, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் கிருமி பரவி உயிருக்கே இடையூறாகும். குடலின் சிறு துணுக்கை உருப்பெருக்கியால் ஆய்ந்து இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எம்.ஆர்.ஐ. துணை செய்யும், தானே தீர்ப்புக் கூறாது. படம், துணுக்கு, கிருமிச் சோதனை, குழந்தையின் உடல்நிலை ஆகிய யாவற்றையும் ஒருசேர வைத்தே மருத்துவர் முடிவு காண்கிறார்.

மேலும் இக்கருவியின் விலை பெரிது. படத்துக்கு ஆகும் பொருளும் எல்லோர்க்கும் எளிதன்று. குழந்தையின் குடற்படத்தைப் படிக்கப் பயின்றவர்கள் பெருநகரங்களிலேயே மிகுதி. கதிரும் காந்தமும் வேண்டாத ஒலி அலைப் படம் இப்பொழுது குடலுக்கும் பயன்பட்டுவருவது ஆறுதல் தருகிறது. எளிதில் அடிக்கடி பார்ப்பதற்கு அது; முழுவதையும் காண்பதற்கு எம்.ஆர்.ஐ. என்று வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாற்றல் உத்தரவு வந்து, நாசிக்கிலிருந்து நாகபுரிக்கும், அங்கிருந்து கொல்கத்தாவுக்கும் பெட்டி படுக்கை கட்டும்போது, குழந்தையின் பழைய படங்களும் மருத்துவக் குறிப்புகளும் காணாமற் போவது வழக்கம். புதிய ஊரின் மருத்துவர் முதலிலிருந்து தொடங்குவார். பழைய படம் இல்லாதபோது, புதிய படம் நோய் தணிந்ததா மூண்டதா என்பதைச் சொல்லாது. மற்றொரு முறை படமெடுப்பதும் நேரும். குழந்தையின் பிறப்புச் சான்றையும் பள்ளிச் சான்றையும் காப்பது போல் அவற்றையும் ஓர் உறையிலிட்டுக் காத்தல் வேண்டும். எந்த ஆண்டில் எத்தனை உயரம், எத்தனை எடை என்று அதன்மேல் எழுதிவைத்தல் இன்னும் நலம்.

அந்த உறைக்குள் இருக்கும் படம் ஒவ்வொன்றும் கேனனின் பூனையிலிருந்தும், ஆலிஸ் அம்மையார் வினவிய தாய்மாரிடமிருந்தும், மான்ஸ்ஃபீல்ட் தாமே புகுந்து நின்ற கருவியிலிருந்தும் நடந்து வந்த வழியின் பயன். ஆயினும் அவ்வழி ஒரு குழந்தைக்குத் திறப்பது, ‘வயிறு வலிக்கிறது’ என்று அது இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சொல்லும்போது, வீட்டில் ஒருவர் கைவேலையை நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்து, உயரத்தையும் எடையையும் அளந்து பார்க்கும் அந்தப் பொழுதில்தான்.